கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரின் ஆள்தேர்வை மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெற்றி தோல்விக் கணக்கு கண்முன்னே இருக்கும்போது, வீரர் சேர்க்கையையும் நியமனங்களையும் தனியாக ஏன் மதிப்பிட வேண்டும்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தலைமைப் பயிற்சியாளரின் வேலை களத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தை நடத்துவதோடு முடிவதில்லை. எந்தப் பள்ளி மாணவரை அணிக்கு அழைப்பது, யாரைத் துணைப் பயிற்சியாளராக அமர்த்துவது, யாரை இன்னும் ஓராண்டு தக்கவைப்பது என்பவற்றை எல்லாம் பெரும்பாலும் அவரே முடிவு செய்கிறார். தொழில்முறை அணிகளில் பொது மேலாளர் சுமக்கும் பொறுப்பு இங்கே பயிற்சியாளரின் தோளில் இருக்கிறது.

பருவத்தின் முடிவில் நடக்கும் தேசியப் போட்டியில் 68 அணிகள் ஆடுகின்றன. ஒரே ஒரு தோல்வி போதும், வெளியேற வேண்டியதுதான். அப்படிப்பட்ட போட்டியில் ஒரு காயமோ, எதிரணி வீரர் ஒருவரின் கைராசியோ முழு ஆண்டு உழைப்பையும் புரட்டிப் போட்டுவிடும். நான்கைந்து ஆண்டு ஆள்தேர்வோ ஓர் இரவில் மாறிவிடுவதில்லை. பயிற்சியாளரின் தீர்ப்புத்திறன் வெளிப்படும் இடம் அதுதான் என்பது என் கருத்து.

நட்சத்திரத் தரவரிசை எவ்வளவு நம்பகமானது?

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்களின் பார்வையாளர்கள், காலணி நிறுவனங்கள் கோடையில் நடத்தும் தொடர்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் மாணவர்களைப் பார்த்து ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று வகைப்படுத்துகிறார்கள். அவர்கள் அளப்பது முதன்மையாக ஒரு தனி வீரரின் உயரம், வேகம், இயல்பான திறன், எதிர்கால வாய்ப்பு ஆகியவற்றை. பட்டியலின் மேல் முனையில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. ஜான் வால், ஆந்தனி டேவிஸ், கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் ஆகிய மூவரும் பள்ளியிலேயே உச்சத்தில் வைக்கப்பட்டவர்கள். மூவரும் பின்னர், என்.பி.ஏ. என்ற தொழில்முறைத் தொடரின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் ஆளாகத் தேர்வானார்கள். பட்டியலில் கீழே செல்லச் செல்லப் படம் மங்குகிறது. இருபதாம் இடத்துக்கும் அறுபதாம் இடத்துக்கும் நடுவே எழுத்தில் தெரியும் வேறுபாடு களத்தில் பல சமயம் தெரிவதில்லை.

பயிற்சியாளர்களை எடைபோடும்போது மக்கள் செய்யும் பெரிய பிழை, சேர்க்கை வகுப்பின் தரவரிசையையே சாதனையாக எண்ணுவது. விதைநெல்லின் தரத்தை வைத்து யாரும் மகசூல் கணக்கு எழுதுவதில்லை. மாணவர்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் கையொப்ப நாளின் தரவரிசையும் அப்படித்தான்.

பெரிய நட்சத்திரம் ஒருவரைப் பிடித்துவிட்டால் போதாதா?

போதாது. 2015–16 பருவத்தில் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியில் பென் சிம்மன்ஸ் ஆடினார். அவருடைய ஞானத்தந்தை டேவிட் பேட்ரிக் அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்தார். அணி 19 வெற்றி, 14 தோல்வியோடு முடித்தது. தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. சிம்மன்ஸ் 2016 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். மறு ஆண்டே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதே கதை இன்னும் மோசமாக நடந்தது. மார்கெல் ஃபுல்ட்ஸ் ஆடிய அந்த அணி 9 ஆட்டங்களில் வென்று 22-இல் தோற்றது. ஃபுல்ட்ஸ் 2017 டிராஃப்டின் முதல் தேர்வு. அவரை அழைத்து வந்த பயிற்சியாளர் லொரென்சோ ரோமார் அந்த மார்ச்சிலேயே வேலையை இழந்தார்.

இரண்டு பயிற்சியாளர்களும் நாட்டின் மிகச் சிறந்த பள்ளி மாணவர் ஒருவரை வெற்றிகரமாக ஈர்த்தவர்கள். அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்ட அவர்களால் இயலவில்லை.

ஜான் கலிப்பாரியின் கென்டக்கிப் பதிவை எப்படி வாசிப்பது?

இந்தத் தலைப்பில் கிடைக்கும் மிகச் செழுமையான எடுத்துக்காட்டு இதுவே. சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கலிப்பாரி 2009-இல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவருக்கு முன்னிருந்த பில்லி கில்லிஸ்பி இரண்டே பருவங்களில் நீக்கப்பட்டிருந்தார். பள்ளி முடித்து ஓராண்டு கழியாமல் டிராஃப்டில் நுழைய முடியாது என்று 2006 முதல் நடைமுறைக்கு வந்த என்.பி.ஏ. விதியை, ஒரே ஆண்டு மட்டும் கல்லூரியில் ஆட விரும்பும் வீரர்களைக் குவிக்கும் வழியாக அவர் வெளிப்படையாகவே பயன்படுத்தினார். 2010 டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் கென்டக்கி வீரர்கள் ஐந்து பேர் தேர்வானார்கள். 2012-இல் தேசியப் பட்டம் கிடைத்தது. அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் இடத்தில் ஆந்தனி டேவிஸும் இரண்டாம் இடத்தில் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டும் எடுக்கப்பட்டனர்; ஒரே கல்லூரியின் இருவர் முதல் இரு இடங்களையும் பிடித்தது அதுவே முதல் முறை.

2010 முதல் 2015 வரையிலான ஆறு பருவங்களில் நான்கு முறை தேசிய அரையிறுதி, அவற்றில் ஒரு பட்டம். 2016 முதல் 2024 வரையிலான ஒன்பது பருவங்களில் ஒரு முறைகூட அரையிறுதி இல்லை. 2017-இலும் 2019-இலும் காலிறுதி வரை வந்து நின்றார்கள். 2021-இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022-இல், தேசியப் போட்டிக்கு முன் அணிகளுக்குத் தரப்படும் வரிசையில் இரண்டாம் தரநிலையில் இருந்த கென்டக்கி, பதினைந்தாம் தரநிலையில் இருந்த செயின்ட் பீட்டர்ஸிடம் கூடுதல் நேரத்தில் 85–79 என்று தோற்றது. 2024-இல் பதினான்காம் தரநிலையில் இருந்த மிச்சிகன் மாநிலத்து ஓக்லண்ட் பல்கலைக்கழகத்திடம் 80–76 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. இத்தனை காலமும் சேர்க்கைத் தரவரிசையில் கென்டக்கி பெரும்பாலும் உச்சியிலோ அதன் அருகிலோதான் இருந்தது.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். கலிப்பாரிக்கு வீரர்களைப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்பதில் பயனில்லை. அதில் அவருக்கு நிகரானவர்கள் மிகக் குறைவு. பிடித்த வீரர்களோடு யார் இருந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் வென்ற கென்டக்கி அணிகளில் வேறு யார் இருந்தார்கள்?

2012 இறுதிப் போட்டியின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பாருங்கள். கேன்சஸுக்கு எதிராக 67–59 என்று வென்ற அந்த இரவில் டேவிஸ் பத்து எறிதல்களில் ஒன்றை மட்டுமே வளையத்தில் போட்டார். எடுத்த புள்ளிகள் 6. ஆனால் 16 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது), 6 பிளாக்குகள் (எதிரணி எறிதலைத் தடுப்பது), 5 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து தருவது) என்று ஆட்டத்தின் மற்ற எல்லாவற்றையும் அவர் ஆண்டதால் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது. 22 புள்ளிகளோடு அணியில் அதிகம் எடுத்தவர் டோரன் லாம், இரண்டாம் ஆண்டு மாணவர். டெரன்ஸ் ஜோன்ஸும் இரண்டாம் ஆண்டுதான். மாற்று வீரராக இறங்கிய டேரியஸ் மில்லர் நான்காம் ஆண்டு மாணவர். கலிப்பாரி வருவதற்கு முன்பே கென்டக்கியில் சேர்ந்தவர்.

2011-இல் அரையிறுதி வரை சென்ற அணியிலும் இதே அமைப்பு. முதலாமாண்டு பிராண்டன் நைட் பந்தைக் கையாள, நடுவே நின்றவர் ஜாஷ் ஹாரல்சன் என்ற நான்காம் ஆண்டு மாணவர். 2015-இல் 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71–64 என்று தோற்ற அணியில் வில்லி காலி-ஸ்டெய்ன் மூன்றாம் ஆண்டிலும் ஹாரிசன் இரட்டையர் இரண்டாம் ஆண்டிலும் இருந்தார்கள்.

விலக்கு ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2014-இல் ஐந்து முதலாமாண்டு மாணவர்களைத் தொடக்க வரிசையில் இறக்கி, எட்டாம் தரநிலையிலிருந்து இறுதிப் போட்டி வரை அவர் அணியை இட்டுச் சென்றார். அங்கே கனெக்டிகட்டிடம் 60–54 என்று தோற்றார்கள். புதியவர்களாலும் அவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அந்த வகுப்பில், நாட்டின் சிறந்த பள்ளி வீரர்கள் ஆடும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள் ஆறு பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தகைய வகுப்பு ஆண்டுதோறும் கிடைக்காது.

ஓக்லண்ட் தோல்வி இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அன்று 20 மூன்று புள்ளி எறிதல்களில் 10-ஐப் போட்டு 32 புள்ளிகள் எடுத்த ஜாக் கோல்கி, ஹில்ஸ்டேல் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் ஆடிவிட்டுப் பட்ட மேற்படிப்புக்காக அங்கே வந்தவர். அவருக்கு எதிரே நின்ற கென்டக்கி அணியில் ரீட் ஷெப்பர்ட், ராப் டில்லிங்ஹாம் என்ற முதலாமாண்டு மாணவர்கள் இருவர் இருந்தார்கள். மூன்று மாதம் கழித்து நடந்த டிராஃப்டில் ஒருவர் மூன்றாவதாகவும் மற்றவர் எட்டாவதாகவும் எடுக்கப்பட்டனர். திறமை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகிய, தன் வேலை எது என்று அறிந்த, வயதில் மூத்த ஆட்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள்.

என்.பி.ஏ.வுக்கு எத்தனை பேரை அனுப்பினார் என்பது நல்ல அளவுகோலா?

அது சேர்க்கைக்கு உதவும் விளம்பரம். சேர்க்கைக்கான மதிப்பெண் ஆகாது. அடுத்த ஆண்டு மாணவரின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பேசும்போது அந்த எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பது கல்லூரிப் பருவத்தில் வெல்வதற்காக.

மற்றொரு நுட்பமும் இருக்கிறது. டெவின் புக்கர் கென்டக்கியில் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க வரிசையில் இறங்கவில்லை. 2015-இல் பதின்மூன்றாவதாகத் தேர்வானார். ஷை கில்ஜியஸ்-அலெக்சாண்டர் பள்ளித் தரவரிசையில் முதல் 25-க்கு வெளியே இருந்தவர், கென்டக்கியில் பருவத்தின் தொடக்கத்தில் மாற்று வீரராகவே இறங்கினார், 2025-இல் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரரானார். டைரீஸ் மேக்ஸி 2020-இல் இருபத்தொன்றாவதாகத்தான் எடுக்கப்பட்டார். இவர்களைக் கண்டறிந்து அழைத்து வந்த கண் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வேளையில், கையில் இருந்தபோது அவர்களின் முழு வீச்சையும் கல்லூரி அணி பயன்படுத்தியதா என்ற கேள்வியும் எழுகிறது. ஒரே உண்மை பாராட்டாகவும் குறையாகவும் வாசிக்கப்படக் கூடிய அரிதான இடம் இது. என் சாய்வு பாராட்டின் பக்கம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஐந்து ஆண்டுகளில் என்னவாக வளர்வான் என்பதற்கு அந்த ஓராண்டுப் பயிற்சியாளரை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

தரவரிசையை நம்பாமல் அணி கட்டியவர்கள் யார்?

வர்ஜீனியாவின் டோனி பென்னட், வில்லனோவாவின் ஜே ரைட், பர்டூவின் மாட் பெயின்டர் மூவரையும் சொல்லலாம். இவர்கள் பெரிதும் கையாண்ட கருவி ரெட்ஷர்ட் முறை. அதாவது முதல் ஆண்டு மாணவர் அணியோடு பயிற்சி எடுப்பார், ஆனால் ஆடமாட்டார், ஆடும் தகுதியில் ஓர் ஆண்டு குறையாமல் இருக்கும். வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் அப்படி ஓராண்டு உட்கார்ந்தார். 2018-இல் வர்ஜீனியா, முதல் தரநிலை அணி ஒன்று பதினாறாம் தரநிலை அணியிடம் தோற்ற ஆண்கள் போட்டி வரலாற்றின் முதல் நிகழ்வாக, யு.எம்.பி.சி.யிடம் 74–54 என்று தோற்றபோது மணிக்கட்டு முறிந்த ஹன்டர் ஆடவில்லை. மறு ஆண்டு இறுதிப் போட்டியில் டெக்சஸ் டெக்குக்கு எதிராக அவர் 27 புள்ளிகள் எடுக்க, வர்ஜீனியா கூடுதல் நேரத்தில் 85–77 என்று பட்டம் வென்றது. கைல் கை, டை ஜெரோம், ஹன்டர் மூவரும் ஒரே சேர்க்கை வகுப்பு. தோல்வியையும் பட்டத்தையும் ஒன்றாகவே பார்த்தவர்கள்.

வில்லனோவாவின் மிகல் பிரிட்ஜஸும் முதல் ஆண்டு ஆடாமல் இருந்தவரே. பர்டூவின் சாக் ஈடி டொராண்டோவில் வளர்ந்த, கூடைப்பந்துக்குத் தாமதமாக வந்த, ஏழடி நான்கங்குல உயரப் பையன். தேசியத் தரவரிசையில் 400-க்கும் கீழே இருந்தவர். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் அவரே.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. குறைந்த தரவரிசை வீரர்களை எடுத்து வளர்ப்பதே உயர்ந்த வழி என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். அப்படி எடுக்கப்பட்டு எங்கும் போகாமல் மறைந்தவர்களின் பெயர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை.

துணைப் பயிற்சியாளர் நியமனத்துக்கு இவ்வளவு எடை ஏன் தர வேண்டும்?

மாணவரின் பள்ளிக்கு வாரந்தோறும் போய் நிற்பவர், தாயாரின் தொலைபேசி அழைப்பை இரவில் எடுப்பவர், கோடைத் தொடரில் பதினைந்து வயதிலேயே அந்தப் பையனைக் கவனித்தவர் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளர்தான். தலைமைப் பயிற்சியாளர் கடைசிக் கட்டத்தில் வந்து முடித்துவைப்பார். சேர்ந்த பிறகு உள்ளரங்கில் தனியாக எறிதல் பழக்குபவரும் அவரே. 2023–24 பருவம் முதல் ஒரு ஆண்கள் அணி ஐந்து துணைப் பயிற்சியாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி விரிந்தது. அவர்களில் மூன்று பேருக்கு மட்டுமே வளாகத்துக்கு வெளியே போய் வீரர்களைத் தேடும் அனுமதி தரப்பட்டது. எனவே அந்த மூன்று இடங்களுக்கு யாரை வைக்கிறார் என்பதே பயிற்சியாளரின் முன்னுரிமையைக் காட்டிக்கொடுக்கும்.

நல்ல குழுவில் பிடிப்பவர், வளர்ப்பவர், எதிரணியைப் படிப்பவர் மூவரும் இருப்பார்கள். மூவரும் பிடிப்பவர்களாகவே இருந்தால் கையொப்ப நாள் மகிழ்ச்சியாகவும் தேசியப் போட்டி நடக்கும் மார்ச் மாதம் துயரமாகவும் முடியும்.

வீரரின் தந்தையையோ நெருங்கியவரையோ நியமிப்பது தவறா?

களத்தில் பயிற்றுவிக்கும் துணைப் பயிற்சியாளர் பதவியை அவருக்குத் தருவது விதிக்கு உட்பட்டதே, நெடுங்காலமாக நடந்தும் வருகிறது. 1983-இல் கேன்சஸின் லாரி பிரவுன், எட் மேனிங்கைத் துணைப் பயிற்சியாளராக அமர்த்தினார். மகன் டேனி அங்கே வந்தார். 1988 இறுதிப் போட்டியில் டேனி மேனிங் 31 புள்ளிகளும் 18 ரீபவுண்டுகளும் எடுக்க, கேன்சஸ் 83–79 என்று ஓக்லஹோமாவை வென்றது. எட் மேனிங் தாமே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறுபக்கம் 2017-இல் மிசூரி. புதிதாக வந்த குவான்சோ மார்ட்டின், மைக்கேல் போர்ட்டர் சீனியரைத் துணைப் பயிற்சியாளராக்கினார். அப்போது நாட்டின் உச்சத் தரவரிசையில் இருந்த மகன், வாஷிங்டனுக்குப் போகவிருந்தவர், மிசூரிக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது, அறுவை சிகிச்சை, பருவம் முழுவதிலும் மூன்றே ஆட்டங்கள். மகன் டிராஃப்டுக்குப் போய்விட்டார். ஒரு துணைப் பயிற்சியாளர் இடம் ஒரே குடும்பத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய நியமனத்தை மதிப்பிடக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மாணவர் வராமல் போயிருந்தாலும் இவரை நியமித்திருப்பாரா?

துணைப் பயிற்சியாளர் பிற்பாடு தனியாகத் தோற்றால், அது அவரை வளர்த்தவரின் குறையா?

கென்னி பெய்ன் 2010 முதல் 2020 வரை கலிப்பாரியோடு கென்டக்கியில் இருந்தார். உயரமான வீரர்களை வளர்ப்பதில் அவருக்கிருந்த பெயரை ஆடியவர்களே சொல்லிப் பரப்பினார்கள். அவர் நியூயார்க் நிக்ஸுக்குப் போன அடுத்த பருவத்தில்தான் கென்டக்கி 9–16 என்று சரிந்தது. அது கொரோனாக் காலம், கோடைப் பயிற்சி குலைந்திருந்தது. ஆகவே சரிவு முழுவதையும் அவர் விலகியதன் தலையில் கட்டுவது நியாயமாகாது. பின்னர் 2022-இல் தாம் ஆடிய லூயிவில்லுக்கே அவர் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். இரண்டு பருவங்களில் 12 வெற்றி, 52 தோல்வி. 2024-இல் கலிப்பாரி ஆர்கன்சாப் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, அங்கே மீண்டும் அவரோடு சேர்ந்தார்.

இதில் முரண்பாடு ஏதும் இல்லை. மிகச் சிறந்த துணைப் பயிற்சியாளராக இருப்பதும் தலைமைப் பயிற்சியாளராக இருப்பதும் வேறு வேறு தொழில்கள். கலிப்பாரி அவரை நியமித்தது நல்ல நியமனம்; அவர் போனபின் அதே அளவுக்கு வேரூன்றிய ஒருவரை அந்த இடத்தில் நிறுத்த முடியாமல் போனதே கென்டக்கியின் பிற்கால நியமனப் பதிவில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை.

விதிமீறல்களை எவ்வாறு கணக்கில் எடுப்பது?

மிகக் கண்டிப்பாக, ஆனால் யார் செய்தது, யாருக்குத் தெரிந்திருந்தது என்று பிரித்துப் பார்த்து. கலிப்பாரியின் 1996 மாசசூசெட்ஸ் அரையிறுதியும் 2008 மெம்ஃபிஸ் இறுதிப் போட்டியும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவை. முதலாவது, மார்கஸ் கேம்பி முகவர்களிடமிருந்து பணமும் பரிசும் பெற்றதால். இரண்டாவது, டெரிக் ரோஸின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் செல்லாததாக அறிவிக்கப்பட்டதால். இரண்டிலும் கலிப்பாரிக்குத் தனிப்பட்ட தண்டனை இல்லை.

லூயிவில்லின் நேர்வு நியமனத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அப்போது அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரிக் பிட்டினோவின் ஊழியர் ஒருவர், சேர்க்கைக்காக வந்த மாணவர்களுக்கு விடுதியில் நடனப் பெண்களையும் பாலியல் சேவையையும் ஏற்பாடு செய்தார் என்று உறுதியானது. அதன் விளைவாக 2013 தேசியப் பட்டம் 2018 பிப்ரவரியில் பறிக்கப்பட்டது; ஆண்கள் போட்டியில் பட்டம் ஒன்று அப்படி நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. அந்த ஊழியர் முன்பு பிட்டினோவின் அணியில் ஆடியவர். தமக்குத் தெரியாது என்றார் பிட்டினோ. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. வெளிக்கொணர்ந்த வேறொரு லஞ்ச விவகாரத்தில் அவர் வேலையையும் இழந்தார். அந்த இரண்டாம் விவகாரத்தில் 2022-இல் விசாரணைக் குழு அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை.

தெரியாது என்ற விடை இப்போது செல்லாது. துணைப் பயிற்சியாளர்களின் மீறலுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு என்று, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. முன்பு அனுமானித்தது, மறுத்து வாதாட இடம் விட்டது. 2023 ஜனவரி முதல் அந்தப் பொறுப்பு தானாகவே அவர்மீது விழுகிறது. இந்த மாற்றம் சரியானது. தாம் அமர்த்திய ஆளைக் கண்காணிப்பதும் அமர்த்துவதன் ஒரு பகுதிதான்.

இடமாற்றமும் பணமும் வந்த பிறகு பழைய அளவுகோல்கள் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். 2018 அக்டோபரில், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பெயர்களைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. 2021-இல் முதல் இடமாற்றத்துக்கு ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வருமானம் ஈட்டலாம் என்றானது. 2025 ஜூன் மாதம் கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ.மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர்.

2025-இல் ஹூஸ்டனை 65–63 என்று வென்று பட்டம் பெற்ற ஃபுளோரிடாவைப் பாருங்கள். பயிற்சியாளர் டாட் கோல்டன். வால்டர் கிளேட்டன் ஜூனியர் அயோனாவிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும் வந்தவர்கள். பள்ளித் தரவரிசையை மட்டும் வைத்து அந்த அணியை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. கென்டக்கியில் கலிப்பாரிக்குப் பின் வந்த மார்க் போப், ஏறக்குறைய வீரர்களே இல்லாத அணியோடு தொடங்கி, லமான்ட் பட்லர், கோபி பிரே, ஒட்டேகா ஓவே என்று பல கல்லூரிகளிலிருந்து ஆட்களைச் சேர்த்து முதல் பருவத்திலேயே கடைசி 16 அணிகளுள் ஒன்றாக வந்தார்.

இன்று எடைபோட வேண்டியது மூன்றாம் ஆண்டு வீரரின் முந்தைய கல்லூரி ஆட்டத்தைச் சரியாகப் படிக்கும் திறனையும், இருப்பவர்களை விலகாமல் வைத்துக்கொள்ளும் திறனையும். பணம் அதிகம் உள்ள கல்லூரிக்கு இது எளிது. ஆகவே ஒரே அளவு வசதி உள்ளவர்களோடு ஒப்பிடுவதே நியாயம்.

எத்தனை ஆண்டு அவகாசம் தர வேண்டும்?

டியூக்கில் மைக் ஷஷெவ்ஸ்கியின் முதல் மூன்று பருவங்கள் 38 வெற்றி, 47 தோல்வி. 1983 மார்ச்சில் கான்ஃபரன்ஸ் (தமக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) போட்டியில் வர்ஜீனியாவிடம் 109–66 என்று தோற்றபோது அவரை நீக்கச் சொல்லி ஆதரவாளர்கள் குரல் எழுப்பினார்கள். விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் நீக்கவில்லை. தோற்ற அந்த அணியில் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலரி, ஜே பிலஸ், டேவிட் ஹென்டர்சன் ஆகிய முதலாமாண்டு மாணவர்கள் இருந்தார்கள். அதே நால்வர் 1986-இல் நான்காம் ஆண்டில் 37 ஆட்டங்களை வென்று இறுதிப் போட்டி வரை வந்தார்கள். லூயிவில்லிடம் 72–69 என்று தோற்றார்கள். பட்டர்ஸ் பார்த்தது அந்த வகுப்பைத்தான் என்று நினைக்கிறேன். வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் பொறுத்திருக்க வழியில்லை.

இன்றைய இடமாற்றக் காலத்தில் நான்கு ஆண்டு பொறுமையை யாரும் எதிர்பார்க்க முடியாது. மூன்று பருவங்கள் போதுமான அளவு. முதல் பருவத்தில் முன்னவர் விட்டுச்சென்ற ஆட்களும் அவசரத்தில் சேர்த்தவர்களும் கலந்திருப்பார்கள். இரண்டாம் பருவத்தில் யார் தங்கினார்கள் என்பது தெரியும். மூன்றாவதில் அணி முழுவதும் அவருடையது.

நீண்ட ஒப்பந்தம் மதிப்பீட்டைத் தடுக்குமா?

தடுக்கும். 2019-இல் கென்டக்கி கலிப்பாரிக்குப் பத்தாண்டுக்கு 8 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் தந்தது. 2024-இல் நீக்க வேண்டுமென்றால் 3 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அவரே விலகிப் போனதால் அந்தச் செலவு நேரவில்லை.

ஆர்கன்சாவில் கலிப்பாரியின் பணியை இப்போதே மதிப்பிடலாமா?

2024–25 முதல் பருவத்தை விவரிக்கலாம். கென்டக்கியிலிருந்து டி.ஜே. வாக்னர், ஆடூ தியெரோ, ஸ்வோனிமிர் இவிசிச் மூவரும் அவரோடு போனார்கள்; கென்டக்கிக்கு வருவதாக இருந்த பூகி ஃப்ளாண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்டும் தடம் மாறினார்கள். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் முதல் ஐந்தையும் தோற்றார்கள், ஃப்ளாண்டுக்குக் கைக்காயம். இருந்தும் பத்தாம் தரநிலையில் தேசியப் போட்டிக்குள் நுழைந்து, கேன்சஸையும் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்தி, கடைசி 16-இல் டெக்சஸ் டெக்கிடம் கூடுதல் நேரத்தில் 85–83 என்று தோற்றார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஃப்ளாண்ட் ஃபுளோரிடாவுக்குப் போனார், தியெரோ டிராஃப்டுக்குப் போனார்; ஆனால் வாக்னர், நாக்ஸ், ரிச்மண்ட் மூவரும் அடுத்த பருவத்துக்கும் தங்கினார்கள். 2012-இல் லாமும் ஜோன்ஸும் இருந்த இடத்தில் 2025–26 பருவத்தில் இவர்கள் இருந்தார்கள். ஆர்கன்சா மதிப்பீட்டை எழுதுபவர் புதிதாக வந்த ஐந்து நட்சத்திர மாணவர்களின் பெயர்களைப் பின்னால் வைத்துவிட்டு, தங்கிய இந்த மூவர் எவ்வளவு நேரம் ஆடினார்கள், முந்தைய ஆண்டை விட எதில் முன்னேறினார்கள் என்று முதலில் பார்க்கட்டும்.